வெள்ளைப் பீப்பாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உன் பெண் கல்லூரிக்குப் போகப்போகிறாள் என்பதை நம்பவே முடியவில்லை. நாற்பது வயதில் வங்கி மென்பொருள் வேலையை விட்டுக் குவாண்டம் கணினிக்குப் போக என்ன வந்தது என்று கேட்டிருக்கிறாய். வீட்டிலும் இதே கேள்விதான், கொஞ்சம் உரத்த குரலில்.

சம்பளத்துக்காக இல்லை, அது குறைந்துதான் போயிற்று. எதிர்காலமே இதில்தான் என்ற நம்பிக்கையும் முழுதாக இல்லை. இப்படிப்பட்ட கணினி பெரிய எண்களின் காரணிகளை விரைவில் கண்டுபிடித்துவிடும் என்று கணிதவியலாளர் பீட்டர் ஷோர் காட்டியது 1994இல். காரணி காண்பது கடினம் என்பதை நம்பியிருக்கும் இன்றைய மறைகுறிகளை அதைக் கொண்டு உடைக்கும் அளவுக்கு ஒரு கணினி இன்னும் வரவில்லை. நான் ஓய்வுபெறும்வரை வராமலும் போகலாம்.

இங்கே கியூபிட்டுகள் (இந்தக் கணினி தகவலை வைக்கும் அடிப்படை அலகுகள்) இருக்கும் குளிர்கலனுக்குள் சுமார் 0.01 கெல்வின்தான், அதாவது இருக்கக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலைக்கு நூறில் ஒரு டிகிரிதான் மேலே. விண்வெளியே 2.7 கெல்வின்! சேர்ந்த மூன்றாம் மாதம் உள்ளே ஓர் இணைப்பைச் சரியாக முறுக்காமல் மூடிவிட்டேன். குளிர்ந்தபின் பார்த்தால் சிக்னலே இல்லை. சூடாக்கி, திறந்து, முறுக்கி, மறுபடி குளிர்வித்ததில் ஒரு வாரம் பாழ். குழுத்தலைவி திட்டுவார் என்று நின்றேன். ஸ்பேனரை நீட்டி, "எனக்கு இரண்டு முறை ஆகியிருக்கிறது" என்றார்.

பழைய வேலையில் எந்தச் சிக்கலிலும் எனக்கு முன்பே யாரோ மாட்டி மீண்டிருப்பார்கள். தேடினால் விடை கிடைத்துவிடும். போன வாரம் ஒரு கியூபிட்டின் ஆயுள் (அது தன் நிலையைத் தக்கவைக்கும் நேரம், மைக்ரோவினாடிக் கணக்குதான்) இரவில் பாதியாகக் குறைந்தது. காலையில் தானாகவே சரியாகிவிட்டது. சில்லில் உள்ள ஆக்சைடுப் படலத்தில் நுண்ணிய குறைகள் இருக்கும், அவை இப்படி விளையாடும் என்பார்கள். எங்கள் சில்லில் எந்தக் குறை, எந்த இடத்தில் என்று கேட்டேன். இருபத்தைந்து வருடம் இதிலேயே இருப்பவர், "தெரியவில்லையே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் வந்தேன் என்று சொன்னால் நீ அடிக்க வருவாய். ஆனால் அதுதான் உண்மை. பதினாறு வருடமாக எனக்குத் தெரியாதவை இருந்தன. யாருக்குமே தெரியாதது ஒன்று என் மேசைக்கு வந்தது இப்போதுதான்.

உன் பெண் இதைப் படிக்கலாமா என்றும் கேட்டாய். செய்தியில் வரும் ஆரவாரத்தைப் பார்த்து வந்த பிள்ளைகள் சிலர் இரண்டே வருடத்தில் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், இங்கே பாதி நாள் காத்திருப்புதான். அவளை ஒரு நாள் அழைத்து வா. அலுத்துப்போனால் அவள் விருப்பப்படியே சட்டம் படிக்கட்டும்.

வியாழக்கிழமை மறுபடி குளிர்விக்கிறோம். அதற்கு முன்னால் வந்தால் திறந்து காட்டுகிறேன். பொன்முலாம் பூசிய தட்டுகள், அடுக்கடுக்காகக் கம்பிகள் எல்லாம் தெரியும். மூடிவிட்டால் வெறும் வெள்ளைப் பீப்பாய்தான்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்