அப்பாவின் சீஆர் கொப்பியில் எழுதப்படாத செலவு

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ஞாயிற்றுக்கிழமை நீ கோல் எடுத்த நேரம் மழை பிடித்துவிட்டது, லைனும் வெட்டி வெட்டிப் போனது. ஆனால் நீ கேட்ட கேள்வி காதிலேயே நிற்கிறது. "அம்மா, கம்பனி இலாபம் குறைவு எண்டு காட்டியிருக்கு. பெறுமானத் தேய்வு எண்டு மட்டும் 300 மில்லியன் கழிச்சிருக்கினம். அந்தக் காசை ஆருக்குக் குடுத்தவை?"

நீ விஞ்ஞானம் படித்தவன், உனக்கு இது புதிது. மிச்சம் பிடித்த சம்பளக் காசில் பங்கு வாங்க நினைக்கிறாய் என்பதால், போனில் அரைகுறையாகச் சொல்லி விட எனக்கு மனம் வரவில்லை.

ஒருவருக்கும் கொடுக்கவில்லை, மகன். அந்த வருடத்தில் கொடுக்கவில்லை. அது எப்போதோ கொடுத்து முடிந்த காசு.

இதே கேள்வியை, இதே சொற்களில், உன் அப்பா என்னிடம் 2012 இல் கேட்டார். மீள்குடியேறி வந்து, 2011 இல் என் காப்புகளை அடகு வைத்து, மாமா அனுப்பிய காசையும் சேர்த்துப் பழைய உழவு மெசின் ஒன்றை 9 இலட்சத்துக்கு வாங்கினோமே, அதன் கணக்கை அவர் ஒரு சீஆர் கொப்பியில் எழுதி வந்தார். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. டீசல், ஒயில், றைவர் சம்பளம், ரயர் ஒட்டின காசு, ஒன்றும் தவறாது. வருட முடிவில் உழவுக் கூலி 520,000, செலவு 340,000. அடியில் இரட்டைக் கோடு கீறி "இலாபம் 180,000" என்று எழுதி, சிரித்த முகத்தோடு கொண்டுவந்து காட்டினார். நான் விடைத்தாள் திருத்துகிற சிவப்புப் பேனையால் அதற்குக் கீழே 100,000 என்று எழுதிக் கழித்து, 80,000 என்று போட்டேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. "ஆருக்குக் குடுத்த காசு இது?" என்றார்.

நான் கணக்குப் போட்ட விதம் இதுதான். மெசின் 900,000. எட்டு வருடம் ஓடும் என்று மெக்கானிக் சொன்னார். அதன் பிறகு பழைய இரும்பும் பாகங்களுமாக 100,000 தேறும். ஆகவே எட்டு வருடத்தில் எங்கள் வயலிலும் மற்றவர்களின் வயலிலும் கரைந்து போகப்போவது 800,000. வருடத்துக்கு 100,000. காசு 2011 இல் ஒரே நாளில் போனது. ஆனால் மெசின் ஒரே நாளில் உழுது முடிக்கவில்லை. 2012 இல் வந்த உழவுக் கூலியை உழைத்துத் தந்ததில் அதன் ஆயுளில் எட்டில் ஒரு பங்கு போயிருக்கிறது. அந்தப் பங்கை அந்த வருடத்து வரவுக்கு எதிரே வைக்காவிட்டால் இலாபம் என்று நாங்கள் எழுதுவது பொய்யாகிவிடும். பெறுமானத் தேய்வு என்பது இவ்வளவுதான்: முன்பு கொடுத்த விலையை, அந்தப் பொருள் உழைக்கிற வருடங்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பது.

சந்தை விலையோடு இதைக் குழப்பாதே. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனங்கள் வாங்கின விலையைவிடக் கூட விற்றது உனக்குத் தெரியும். அதற்காக அந்த வருடங்களில் கம்பனிகள் தேய்வு எழுதாமல் விடவில்லை. ஒரு பொருளைக் கடைசியில் விற்றால் வரும் என்று மதிப்பிடுகிற எச்சப் பெறுமதி, அதன் புத்தகப் பெறுமதியை, அதாவது வாங்கின விலையில் இதுவரை எழுதின தேய்வு போன மீதியை, எட்டினால் மட்டுமே தேய்வு பூச்சியமாகும். சும்மா நின்றாலும் தேய்வு நிற்காது. 2022 இல் டீசல் இல்லாமல் ஊர் மெசின்கள் எல்லாம் பத்தியிலே கிடந்தனவே, எங்களைப் போல வருடாவருடம் ஒரே தொகையை, நேர்கோட்டு முறையில், எழுதுகிறவர்களுக்கு அந்த வருடமும் முழுத் தேய்வுதான். இலங்கைக் கணக்கீட்டு நியமம் 16 அப்படித்தான் சொல்கிறது. காணிக்கு மட்டும் பொதுவாகத் தேய்வு இல்லை. வயலுக்கு முடிவான ஆயுள் இல்லை, ஆனால் அதில் கட்டின கிணற்றுக்கும் கொட்டிலுக்கும் உண்டு.

அப்பாவுக்கு இது ஒரு மாதிரி விளங்கியது. ஆனால் விளங்கின விதத்தில் இன்னொரு பிழை ஒளிந்திருந்தது, அதை நான் கவனிக்கவில்லை. 2014 கடைசியில் ஒருநாள் முற்றத்தில் நின்று, "தேய்வு ஏற்பாடு எண்டு மூண்டு வருசமா எழுதி வைச்சிருக்கிறாய். 300,000 இருக்கு. அதில 50,000 எடுத்துத் தா, வேலிக்கு முள்ளுக்கம்பி வாங்க வேணும்" என்றார். நான் திகைத்துப் போனேன். கொப்பியைக் கொண்டுவந்து, அந்த வரியில் விரல் வைத்துக் காட்டுகிறார். பாவம், அவர் மேல் பிழையில்லை. "ஏற்பாடு" என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் எங்கோ ஒரு தகரப் பெட்டியில் காசு எடுத்து வைத்த மாதிரித்தான் இருக்கும். திரண்ட தேய்வு என்பது காசே இல்லை, மகன். 9 இலட்சத்து மெசின் இப்போது புத்தகத்தில் 6 இலட்சம் என்று காட்டுவதற்காகக் கழிக்கிற ஓர் எண், அவ்வளவுதான். காசு வேண்டுமென்றால் அதைத் தனியே வங்கியில் போட்டு வைக்க வேண்டும். அதை நாங்கள் செய்யவில்லை.

2019 இல், காலபோக விதைப்பு நேரத்தில், எஞ்சின் போய்விட்டது. கணக்கு சொன்ன எட்டாவது வருடம். கையில் புது மெசினுக்குக் காசில்லை, லீசிங்கிற்குத்தான் போனோம். எட்டு வருடத்து வரவு எங்கே போனதென்று நான் இருந்து எழுதிப் பார்த்தேன். உன் பல்கலைக்கழக போர்டிங் காசு, அக்காவின் கலியாணம், குழாய்க்கிணறு. ஒன்றையும் நான் வீணென்று சொல்லமாட்டேன், திரும்ப நடந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் அன்றைக்கு நாங்கள் இலாபத்தைத்தான் செலவழிக்கிறோம் என்று நினைத்தோம். உண்மையில் அந்த மெசினையே கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்தோம். அது தெரிந்து செய்திருந்தால், வருடம் முப்பதாயிரமாவது ஒதுக்கியிருப்போம். இது உனக்கு நேரக்கூடாது என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இனி உன் கம்பனிக்கு வருகிறேன். ஆண்டறிக்கையின் முன்பக்கத்தில் "ஈபிட்டா" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதாகச் சொன்னாய். வட்டி, வரி, பெறுமானத் தேய்வு, அமோர்டைசேஷன் (தொட்டுப் பார்க்க முடியாத சொத்தின் தேய்வு, பிறகு சொல்கிறேன்) நான்கையும் கழிக்க முந்தின உழைப்பு அது. அப்பா இரட்டைக் கோடு கீறி எழுதின 180,000 இருக்கிறதே, அதுவும் அதேதான். வியாபாரம் நாளாந்தம் ஓடுகிறதா என்று பார்க்க உதவும், இலாபம் என்று எடுக்க உதவாது. மெசினே இல்லாமல் உழுகிற மாதிரியான கணக்கு அது.

காசு வந்ததையும் போனதையும் காட்டுகிற காசுப் பாய்ச்சல் கூற்றில் தேய்வைத் திரும்பக் கூட்டியிருப்பதைப் பார்த்து, தேய்வால் காசு வருகிறதென்று நினைக்காதே. இலாபத்தில் இருந்து தொடங்குவதால், காசாக வெளியே போகாத ஒரு கழிவைத் திரும்பச் சேர்க்கிறார்கள். அதே கூற்றில் கொஞ்சம் கீழே, முதலீட்டு நடவடிக்கைகள் என்ற பகுதியில், ஆதனம், பொறி, உபகரணம் வாங்கக் கொடுத்த காசு இருக்கும். அந்த எண்ணைத் தேய்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார். ஐந்தாறு வருடமாகத் தேய்வு 300 மில்லியன், புதிதாக வாங்கினது 80 மில்லியன் என்று போனால், அந்தக் கம்பனியும் எங்களைப் போல மெசினைச் செலவழிக்கிறதோ என்று கேட்க வேண்டும். கேட்காமல் பங்கு வாங்காதே.

அடுத்தது, நிதிக்கூற்றுகளின் குறிப்புப் பக்கங்கள். அங்கேதான் உண்மை கிடக்கும், பலர் அதைத் திறப்பதே இல்லை. கட்டடம் இத்தனை வருடம், பொறி இத்தனை வருடம், வாகனம் இத்தனை வருடம் என்று எழுதியிருப்பார்கள். இதெல்லாம் முகாமையின் மதிப்பீடு. எட்டு வருடத்தைப் பதினாறு என்று மாற்றினால் அப்பாவின் தேய்வு 100,000 இல் இருந்து 50,000 ஆகும், ஓர் ஏக்கர் கூட மேலதிகமாக உழாமல் இலாபம் 80,000 இல் இருந்து 130,000 ஆகும். நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் சொல்கிற கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் வேஸ்ட் மனேஜ்மென்ட் என்ற குப்பை அள்ளும் கம்பனி, தன் லொறிகளின் ஆயுளைக் கூட்டியும், எச்சப் பெறுமதி இல்லாதவற்றுக்கு அதை ஏற்றியும் 1990களில் வருடக்கணக்காக இலாபத்தைப் பெருக்கிக் காட்டியது. 1998 இல் கணக்குகளைத் திருத்தியபோது 1.7 பில்லியன் டொலர் இலாபம் காணாமல் போனது. ஆயுளை மாற்றுவது எப்போதும் களவு என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வருட முடிவிலும் அதை மீளப் பார்க்கத்தான் வேண்டும் என்பது நியமம். ஆனால் மாற்றினால் ஏன் என்று நீ தேட வேண்டும்.

முறையையும் பார். நாங்கள் போட்டது நேர்கோட்டு முறை. குறைந்து செல்லும் மீதி முறையில் ஒவ்வொரு வருடமும் மிஞ்சியிருக்கிற பெறுமதியில் 20 வீதம் என்றால் முதல் வருடம் 180,000, அடுத்தது 144,000, அதற்கடுத்தது 115,200 என்று இறங்கும். புதிதில் கூட உழைத்து, பழசானதும் திருத்தச் செலவு ஏறுகிற பொருளுக்கு அது பொருத்தம். வரிக்கு வேறு கணக்கு, கணக்கில் எழுதின தேய்வைத் திரும்பக் கூட்டிவிட்டுச் சட்டம் தருகிற மூலதனக் கொடுப்பனவைக் கழிப்பார்கள். அது இப்போது உனக்குத் தேவையில்லை.

அமோர்டைசேஷன் என்று பயப்படாதே, இதே வேலைதான். தொட்டுப் பார்க்க முடியாத சொத்துக்குச் செய்வது: மென்பொருள், அனுமதிப்பத்திரம், காப்புரிமை. பத்து வருட அனுமதிப்பத்திரத்தை 500 மில்லியனுக்கு வாங்கினால் வருடம் 50 மில்லியன். மெசின் என்றால் கடைசியில் இரும்பாவது மிஞ்சும், இதில் பெரும்பாலும் எச்சம் பூச்சியம். முடிவு தெரியாத ஆயுள் உள்ளதென்றால், உதாரணத்துக்கு விலை கொடுத்து வாங்கின ஒரு வியாபாரப் பெயர், அதற்கு அமோர்டைசேஷன் இல்லை, பெறுமதி இறங்கியிருக்கிறதா என்று வருடாவருடம் சோதிப்பார்கள். தானே வளர்த்த பெயரோ புத்தகத்துக்குள் வராது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் வாகனம் நிறுத்தாமல் போகிறவர்கள் குறைவு, அந்தக் கச்சானின் பெயர் நாடெங்கும் தெரியும். ஆனால் அங்கே சாக்கை விரித்து விற்கிற அம்மாவின் கணக்கில் அந்தப் பெயருக்கு ஒரு சதமும் எழுத முடியாது. நாளைக்கு யாராவது அந்த வியாபாரத்தையே விலைக்கு வாங்கினால்தான் அது எண்ணாகும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, எழுதக் கை கொஞ்சம் தயங்குகிறது. தேய்வு என்பது மெல்ல மெல்லப் போகிற பொருளுக்கு. ஒரே நாளில் போவதற்கு வேறு பெயர், பெறுமதி இழப்பு. கிளிநொச்சியில் ஏ9 ஓரமாக அந்தத் தண்ணீர்த் தாங்கி யுத்தத்தில் சரிந்து கிடந்தது உனக்கு நினைவிருக்கும். எங்கள் லாண்ட்மாஸ்டரும், அந்த இரண்டு சில்லு உழவு மெசினும், அப்படித்தான். 2009 இல் மாத்தளனில் அதைப் பெட்டியோடு விட்டுவிட்டு உன்னையும் அக்காவையும் கையில் பிடித்துக்கொண்டு நடந்தோம். என் கணக்கில் அதற்கு இன்னும் நாலு வருட ஆயுள் இருந்தது. அந்த மீதியை ஒரே வரியில் எழுதிக் கழிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. ஆண்டறிக்கையில் இந்தச் சொல்லைக் கண்டால் தாண்டிப் போகாமல், அங்கே என்ன நடந்தது என்று நின்று வாசி.

அத்தான் வெட்டு மெசின் ஒன்று லீசிங்கில் எடுக்க யோசிக்கிறார், உன்னிடமும் பங்கு கேட்பார் போலிருக்கிறது. அதற்கு வருடக் கணக்கு சரிவராது. அது ஓடுவது இரண்டு போக அறுவடையில் மட்டும், ஆகவே எத்தனை மணித்தியாலம் ஓடும் என்று கேட்டு, மணித்தியாலத்துக்கு இவ்வளவு தேய்வு என்று போடச் சொல்லியிருக்கிறேன். அந்தக் காசைத் தனிப் புத்தகத்தில் வங்கியில் போடுவதாக அவர் எனக்கு வாக்குத் தந்த பிறகு நீ ஓம் சொல்.

உன் கம்பனியின் குறிப்புப் பக்கங்களைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பு. கடைசி ஐந்து வருடத்து அறிக்கையும் வேண்டும். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்குப் பிறகு எடு, அப்போதுதான் லைன் நல்லது. அப்பா விதைப்புக்குப் போய்விட்டார், வர இருட்டும். நாளைக்குப் பஸ்ஸில் வருகிற பக்கத்து வீட்டுப் பெடியனிடம் கச்சானும் பயற்றம் பணியாரமும் கொடுத்து விடுகிறேன், பெட்டகத்தில் கிடந்த அந்தப் பழைய சீஆர் கொப்பியையும் சேர்த்து வைத்திருக்கிறேன். 2012 ஆம் ஆண்டுப் பக்கத்தைப் பார், சிவப்பு மை இன்னும் மங்கவில்லை.

அன்புடன்,
அம்மா