குட்டானும் சொப்பின் பையும்

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சானுக்கு,

இரவு பஸ்ஸில் நீ கொடுத்துவிட்ட பனங்கட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. விடிய ஐந்து மணிக்குக் காலி வீதியில் போய் நின்று வாங்கிவந்து, மேசையில் வைத்துப் பிரித்தேன். மேலே ஒரு சொப்பின் பை. அதற்குள் இன்னொன்று. அதற்குள் ஒட்டுநாடா சுற்றிய மூன்றாவது. அதையும் கிழித்துக்கொண்டு போனால்தான் பன்னிரண்டு குட்டான்கள், ஓலை மணத்தோடு. ஆச்சிமார் எந்தக் காலத்திலோ கண்டுபிடித்த பெட்டி அது. அதற்குக் காவலாக நீ மூன்று பொலித்தீன் பை போட்டு அனுப்பியிருக்கிறாய்! கூடவே வந்த கடிதத்தில், கொழும்புச் சனம் நாட்டை நாறடிக்கிறது என்று இரண்டு பக்கத்துக்குத் திட்டு வேறு. வாசிக்கும்போது சிரிப்பை அடக்க முடியவில்லை. கோபிக்காதே. தேத்தண்ணீரோடு ஒரு துண்டு கடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆனாலும் உன் திட்டில் நியாயம் இருக்கிறது. கொழும்புக் குப்பையின் கதையை எடுத்தால், அது எப்போதும் இன்னொருவர் வாசலைத் தேடிப் போன கதைதான். முதலில் புளூமெண்டல் குப்பை மேடு. அங்கே நிறைந்ததும் மீதொட்டமுல்ல. 2017 சித்திரைப் புத்தாண்டு உனக்கு ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 14, மத்தியானத்துக்குப் பிறகு. நாங்கள் கைவிசேடம் எல்லாம் வாங்கி, சாப்பிட்டு, சற்றுக் கண் அயர்ந்திருந்த நேரம். அந்தக் குப்பை மலை சரிந்து வீடுகளை மூடி 32 பேரைக் கொன்றது. தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் மனிசி, இவள், மெதுவாகச் சொன்னாள்: "எங்கட வீட்டு வாழைப்பழத் தோலும் அதுக்குள்ள கிடக்குமெல்லோ?" அன்றைக்கு அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. கிழமைக்கு மூன்று நாள் பையைக் கட்டி ஒழுங்கை முனையில் வைத்துவிட்டு வந்தவன் நான். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்புறம் என்ன நடந்தது? கெரவலப்பிட்டி, முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஓரம். 2021 முதல் அங்கே ஒரு பகுதிக் குப்பையை எரித்து மின்சாரமும் எடுக்கிறார்கள், அது நல்லதுதான். அது போதாதென்று புத்தளம் அருவக்காலு. சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழிகள் அங்கே உண்டு. ஒரு பக்கம் வில்பத்துக் காடு, மறுபக்கம் களப்பு. களனியிலிருந்து ரயிலில் ஏற்றிப்போய் அங்கே கொட்டுவது என்று திட்டம். புத்தளத்துச் சனம் மாதக்கணக்கில் வீதியில் நின்று எதிர்த்தது. யோசித்துப் பார் மச்சான், 1990 ஒக்டோபரில் எங்கள் வடக்கு ஊர்களிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் எத்தனையோ போய் ஒதுங்கிய மண் அது. கையில் இருந்ததை எல்லாம் விட்டுவிட்டுப் போனவர்களின் பக்கத்தில் போய்க் கொட்டுவதற்கு எங்களிடம் இருந்தது இதுதான்.

இதை எழுதும்போது பின்னேரக் கடற்காற்று ஜன்னலால் வருகிறது. நேற்றும் மரைன் டிரைவ் பக்கம் நடக்கப் போனேன். பள்ளிக்கூடம் விட்டுத் தண்டவாளத்தில் சிலிப்பர்கட்டை எண்ணிக்கொண்டு நடப்போமே, கால்வாய் கடலில் விழுகிற இடத்தில் தூண்டில் போட்டு மத்தியானத்தைக் கழிப்போமே, அதே இடம்தான். தண்ணீர் இப்போது கறுத்துப்போய்க் கிடக்கிறது. சோளகக் காற்று தொடங்கிவிட்டால் கடல் தன்னிடம் வந்ததை எல்லாம் திருப்பிக் கரையில் போடும். யோகட் கோப்பை, செருப்பு, தண்ணீர்ப் போத்தல், சிக்கிக் கிடக்கும் வலைத்துண்டு. கடலுக்கு மட்டும்தான் கணக்குத் தெரிகிறது, வாங்கியதை ஒருநாள் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

கடல் என்றதும் அந்தக் கப்பல் ஞாபகம் வருகிறது. எக்ஸ்பிரஸ் பேர்ள். 2021 மே 20இல் தீப்பிடித்தது. கொரோனாப் பயணக்கட்டுப்பாட்டுக் காலம், ஒருவரும் வெளியே போக முடியாது. மொட்டைமாடியில் நின்று, வடக்குப் பக்கம் எழும்பிய கரும்புகையைப் பார்த்தோம். உள்ளே இருந்த சரக்கில் நைத்திரிக் அமிலம் 25 தொன். பிளாஸ்ரிக் மணிகள் ஏறத்தாழ 1,680 தொன். ஜூன் 2இல் கப்பல் தாண்டுபோக, அந்த மணிகள் நீர்கொழும்புப் பக்கக் கரையெல்லாம் ஒதுங்கின. பார்ப்பதற்குச் சவ்வரிசி மாதிரி, வெள்ளை வெளேரென்று. வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் அரிதட்டு வைத்து மணலை அரித்தெடுத்தார்கள். கடற்கரை மணலை அரித்து முடிக்க எத்தனை தலைமுறை வேண்டும், சொல்லு. ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் மீன் சமைக்கவே பயந்தோம். மீன்பிடி நிறுத்தப்பட்டு வீட்டில் இருந்தவர்களுக்கு அது பயம் அல்ல, பட்டினி. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தது. எழுதிய தீர்ப்பு காசாகக் கைக்கு வருவது வேறு கதை. ஆனாலும் கடலுக்கும் ஒரு விலை உண்டு என்று ஒரு நீதிமன்றம் சொன்னதே, அதுவே எனக்குப் பெரிதாகப் பட்டது.

விலை என்கிற சொல்லைத்தான் கொஞ்ச நாளாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். "மனிசன் திருந்துவானா?" என்று நீ கேட்டிருந்தாய். பிரசங்கம் கேட்டுத் திருந்தமாட்டான், அது நிச்சயம். நானே திருந்தவில்லை. மீதொட்டமுல்லைக்குப் பிறகு அந்தச் செப்டெம்பரில், சோற்றுப் பார்சல் சுற்றுகிற பொலித்தீன் தாளை, அதுதான் லன்ச் சீற்றை, தடைசெய்தார்கள். கடைக்காரர் உக்கிப்போகும் தாள் என்று ஒன்றைச் சுற்றித் தரத் தொடங்கினார். நான் சும்மா இருப்பேனா, ஒரு தாளைக் கழுவிப் பூச்சாடிக்குள் புதைத்து வைத்தேன். ஆறு மாதம் கழித்துக் கிண்டினால், சோறு கட்டலாம் போல அப்படியே இருந்தது! இவள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். இதே கொழும்பில் பறங்கியர் வீட்டு லம்ப்ரைஸ் சோறு இன்றைக்கும் வாட்டிய வாழையிலையில்தான் வருகிறது. சோற்றுப் பார்சலுக்கு மட்டும் இலை பிடிக்காமல் போனது ஏனென்று விளங்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கண்ணால் கண்டேன். 2025 நவம்பர் 1 முதல் கைபிடி வைத்த சொப்பின் பையைக் கடைகளில் சும்மா தரக்கூடாது, காசு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சில ரூபாய்தான். அதற்கு முதல்நாள் வரைக்கும் ஒரு வெங்காயத்துக்கு ஒரு பை கேட்ட சனம், அடுத்த கிழமை பூசணித் துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு படியிறங்குகிறது. புது மோட்டார் காரில் வந்தவர் ஒருவர் தக்காளியைக் காற்சட்டைப் பைக்குள் திணித்ததை நானே பார்த்தேன். இத்தனை வருடம் சுவரொட்டியும் பேச்சுப்போட்டியும் செய்யாததை அந்தச் சில்லறைக் காசு செய்துவிட்டது. எறிவதற்குச் செலவில்லை என்று இருந்ததுதான் எங்கள் வியாதி என்று எனக்குப் படுகிறது. செலவு இருந்தது. அதை மீதொட்டமுல்லைக்காரரும் புத்தளத்துக்காரரும் மீனவரும் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே இரவில் மாற்றிவிடலாம் என்றும் சொல்லமாட்டேன். அந்த அனுபவம் என்னைவிட உனக்குத்தான் கூட. 2021 மே மாதம் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் திருப்பி விட்டார்களே. அந்த வருடம் உன் வெங்காயப் பாத்தியைப் பார்த்து நீ எழுதிய கடிதம் இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறது. நோக்கம் நல்லது, செய்த விதம் அவலம். இப்போது உரம் என்ற சொல்லைச் சொன்னாலே கமக்காரன் முகம் சுழிக்கிறான். ஆனால் மச்சான், உன்னையும் கொஞ்சம் பிடிக்கத்தான் வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். நீ போடுகிற யூரியாவை மழைத்தண்ணீர் நேரே கிணற்றுக்குள் கொண்டுபோய்விடும். கிணறுகளில் நைத்திரேற்று கூட என்று எத்தனையோ காலமாகச் சொல்கிறார்கள். எங்கள் குப்பையாவது லொறி ஏறிப் போகிறது, உன்னுடையது உன் துலாவுக்கு அடியிலேயே நிற்கிறது. பேரப்பிள்ளைகள் குடிக்கிற கிணற்றுத் தண்ணீரை ஒருமுறை கொடுத்துச் சோதித்துப் பார். பகிடிக்குச் சொல்லவில்லை.

கொழும்புக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு, நீ நம்பமாட்டாய். 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் சாசனத்தின் கீழ் முதன்முதலாக ஈரநில நகரங்கள் என்று அங்கீகரித்த 18 நகரங்களில் இதுவும் ஒன்று. போன மாதம் பெத்தகான பூங்காவுக்குப் பேத்தியைக் கூட்டிப்போனேன். மரப்பலகைப் பாதையில் நடந்தால் இரண்டு பக்கமும் தண்ணீரும் நாணலும். மீன்பிடிப் பூனை இந்தச் சதுப்புகளில் இன்னும் திரிகிறதாம், எங்களுக்குத் தென்படவில்லை. ஒரு நீர்க்காகம் மட்டும் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நின்றது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவைப் பக்கம் படகு விட்டது உனக்குத் தெரியும். இப்படியான சதுப்புகளை மண் போட்டு மூடி வீடு கட்டிய இடத்தில் தண்ணீர் வேறு எங்கே போகும்? என் மருமகன் போன வருடம் அப்படி நிரப்பிய காணி ஒன்றை மலிவாக வருகிறது என்று பார்த்துவிட்டு வந்தான். வாயை மூடிக்கொண்டு இருக்க எனக்கு முடியவில்லை. வாங்கவில்லை, ஆனால் இரண்டு கிழமை என்னோடு கதைக்கவும் இல்லை.

சரி, இருட்டுகிறது. முழங்கால் நோ அப்படியேதான். இவள் உன் வீட்டுக்காரியைச் சுகம் கேட்டாள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வர நினைத்திருக்கிறேன், ரயிலில் இடம் கிடைத்தால். உன் மூன்று சொப்பின் பைகளையும் கழுவி பல்கனிக் கொடியில் காயப் போட்டிருக்கிறேன். ஒட்டுநாடா கிழித்த ஒன்றில் மட்டும் சிறு ஓட்டை. வரும்போது மடித்துக் கொண்டுவருகிறேன், அடுத்த பனங்கட்டியை அதே பையில் போட்டு அனுப்பு.

உன்,
பழைய தூண்டில்காரன்