அந்த 300 அம்பியர் எங்கே, முதலாளிமாரே?

வன்னியில் இன்வேர்ட்டர் வெல்டிங் மெசின் இறக்கி விற்கும் ஹாட்வெயார் முதலாளிமாருக்கு,

வணக்கம். ஏ9 வீதியோரக் கடைகளில் தோள்பட்டி போட்டு வரிசையாக அடுக்கியிருக்கும் அந்தச் சின்னப் பெட்டிகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெட்டியில் எழுதியிருக்கும் அம்பியர் உள்ளே இல்லை என்ற கதை உங்களுக்குத் தெரியும். திருப்பிக் கொண்டுவந்தவர்களுக்கு நீங்கள் சொன்ன பதில்களும் தெரியும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு இன்வேர்ட்டரோடு பகை இல்லை. பழைய செப்புக் கம்பிப் பிளான்ட்டை, அதாவது பழைய வெல்டிங் மெசினைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்; ஒட்டுகிற ரொட்டை இரும்பில் தொட்டால் பக்கத்து வீட்டு லைட்டும் மங்கும். இப்போது மோட்டார் சைக்கிளில் வைத்து வயலுக்கே கொண்டுபோகிறோம். டிசி கரண்ட் என்பதால் நெருப்பும் ஆடாமல் நிற்கிறது. நல்ல சாமான்தான். கெட்டது அதில் ஒட்டியிருக்கும் எண், எவ்வளவு கரண்ட் தரும் என்று சொல்லும் அம்பியர்.

எங்கள் ஊர்த் தம்பி ஒருவருக்கு வாழ்வாதார உதவியாக ஒரு மெசின் கிடைத்தது. செயற்கைக் காலோடு நின்று வேலை செய்பவர். பெட்டியில் பெரிய எழுத்தில் 300 என்று இருந்தது. மெல்லிய 12 கேஜ் ரொட்டில் ஜன்னல் கிரில், கோழிக்கூடு என்று ஒட்டிக்கொண்டிருந்தவரை ஒரு குறையும் இல்லை. சிறுபோகத்துக்கு இரணைமடுக் குளத்து வாய்க்கால் திறந்ததும் டிராக்டருக்குப் பூட்டிச் சேறடிக்கிற இரும்புச் சில்லு ஒன்று வந்தது. நடுத் தகடு வெடித்திருந்தது. தடித்த தகடு, அதைவிடத் தடித்த ரொட்டான 10 கேஜ் போட்டே ஆக வேண்டும்.

டயலை 160 இல் வைத்தார். ரொட் உருகியது, ஆனால் இரும்புக்குள் இறங்கவில்லை. கழிவு மேலேயே கட்டிக்கொண்டு நின்றது. என்னைக் கூப்பிட்டார். போய் டிசி அளக்கும் கிளாம்ப் மீற்றரைப் போட்டுப் பார்த்தேன். டயல் 160, மீற்றர் 100ஐத் தாண்டவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினார். சூடு கூடினால் எரிகிற மஞ்சள் லைட் பற்றியது. ஆறவிட்டோம். திரும்ப ஒட்ட, திரும்ப மஞ்சள். கமக்காரர் வரம்பிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் வீட்டில் விதைநெல் முளைகட்டிக் கிடக்கிறது. முளைவிட்ட நெல்லுக்கு, 'நாளைக்கு வா' என்று தவணை சொல்ல முடியுமா? கடைசியில் உள்ளே 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய மணம். அவ்வளவுதான். சில்லை வேறு இடத்துக்கு ஏற்றிப் போனார்கள். அந்தத் தம்பியிடம் இனிப் பாரமான வேலையை யார் கொண்டுவருவார்கள்?

உங்களில் ஒருவருடைய கடைக்குத்தான் கொண்டுபோனோம். "வோல்டேஜ் குறைவிலே பாவிச்சிருக்கிறீங்கள், வொறன்ரி இல்லை அண்ணை." விற்கிறபோது, "ஜெனரேற்றரிலும் ஓடும்" என்று சொன்ன அதே வாய்.

ஒரு சின்னக் கணக்கு. ரொட் வெல்டிங்கில் 300 அம்பியர் என்றால் நெருப்பு நிற்க 32 வோல்ட் வேண்டும் என்பது உலகம் ஒத்துக்கொண்ட அளவு. பெருக்கினால் 9600 வாட். நீங்கள் மெசினோடு தருவது 13 அம்பியர் பிளக். 230 வோல்டில் அது சுமக்கக் கூடியது 2990 வாட். பிளக்கை வெட்டிவிட்டு 30 அம்பியர் வீட்டு இணைப்பு முழுவதையும் அதற்கே கொடுத்தாலும் 6900தான். மெசினுக்குள் சூடாகப் போகிறதை நான் இன்னும் கழிக்கவே இல்லை. குளத்தில் இல்லாத தண்ணீரை வாய்க்காலில் எப்படித் திறந்தீர்கள்?

டியூட்டி சைக்கிள் கதை இதைவிட மோசம். 10 நிமிடத்தில் எத்தனை நிமிடம் தொடர்ந்து ஒட்டலாம் என்பதுதான் அது. 60 வீதம் என்றால் 6 நிமிடம் ஒட்டி 4 நிமிடம் ஆறவிட வேண்டும். சர்வதேசத் தரத்தில் இதை 40 பாகை வெப்பத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டியில் வீதமும் இல்லை, பாகையும் இல்லை. ஆவணி வெயிலில் தகரக் கொட்டிலுக்குள் நிற்பவனுக்கு இதைவிட முக்கியமான எண் வேறு உண்டா?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. காசை வாங்குவதற்கு முன் வாங்குபவனின் கண் முன்னே ஒரு 10 கேஜ் ரொட்டை முழுதாக எரித்துக் காட்டுங்கள். உண்மையான அம்பியர் எவ்வளவு, எத்தனை நிமிடம் தாங்கும், வோல்டேஜ் எதுவரை இறங்கலாம், எத்தனை கேவிஏ வலுவுள்ள ஜெனரேற்றர் வேண்டும் என்று தமிழில் ஒரு துண்டில் எழுதி முத்திரை குத்திக் கொடுங்கள். லைன் முடிவில் இருக்கும் வீட்டில் அரிசி மில் ஓடினால் வோல்டேஜ் 190க்கு விழும் என்பது உங்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே விற்றுவிட்டு அதையே காரணமாகச் சொல்லாதீர்கள்.

மெசினை வாங்கிக் கொடுக்கிற நிறுவனத்தாரும் இதைக் கேட்பதில்லை. மூன்று கொட்டேசன் எடுப்பார்கள்; எண் பெரிதாகவும் விலை சிறிதாகவும் இருப்பது வெல்லும். பேனர் கட்டி, படம் எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு மெசின் எரிந்தால், 'இந்தப் பெடியளுக்குத் தொழில் செய்ய விருப்பம் இல்லை' என்று அறிக்கையில் எழுதுவார்களோ என்னவோ. இந்த நாட்டில் 450 கிராம் பாண் நிறை குறைந்தால் கேட்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 300 அம்பியர் 100 ஆகக் குறைந்தால் கேட்க நாதி இல்லை. பாணை நிறுக்கிற தராசு போல, அம்பியர் அளக்கவும் ஒரு மீற்றர் அவர்களுக்கு வாங்கிக் கொடுக்கலாமோ என்று யோசிக்கிறேன். அதையும் உங்களிடம் வாங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பெட்டி கொழும்பிலிருந்து வருகிறது, எழுதினது நீங்கள் இல்லை, அதுவும் தெரியும். ஆனால் எங்களுக்குத் தெரிந்த முகம் உங்களுடையதுதான். இறக்குமதிக்காரரிடம் போய்க் கேட்கப் பலம் உள்ளவர்களும் நீங்கள்தான். பழைய பிளான்ட் எரிந்தால் கம்பி சுற்ற ஊரிலேயே ஆள் இருந்தது. இதன் போர்டுக்குப் பார்ட்ஸ் இல்லை என்று கிளிநொச்சியிலேயே கையை விரிக்கிறார்கள். விற்கிற மெசினுக்கு நாலு பார்ட்ஸாவது இறக்கி வையுங்கள்.

தயவுசெய்து அந்த ஒரு ரொட்டை எரித்துக் காட்டிவிட்டு விற்பனை செய்யுங்கள். தம்பியின் மெசின் வொறன்ரி அட்டையோடு இன்னும் உங்கள் ஆட்களிடம்தான் கிடக்கிறது. யாருடைய கடை என்று நான் இங்கே எழுதவில்லை, அவருக்கே தெரியும். ஒன்றில் திருத்திக் கொடுங்கள், அல்லது பெட்டியில் எழுதியிருப்பதைச் செய்யக்கூடிய ஒன்றை மாற்றிக் கொடுங்கள். சிறுபோக அறுவடைக்கு முன்னம் தந்தால் பெரிய உதவி.

இப்படிக்கு,
கிளிநொச்சியிலிருந்து ஒரு வெல்டிங் கடைக்காரன்