அத்தானின் டிரங்குப் பெட்டி

அன்புள்ள கார்த்தி,

உன் அப்பா, என் அத்தான், பெட்டியில் விட்டுப்போன பழைய காமிக்ஸ் புத்தகங்களை எடுத்து நீ அனுப்பிய 34 படங்களையும் பார்த்தேன். பாதி ஆடியிருக்கிறது, மூன்றில் உன் கட்டைவிரல்தான் கதாநாயகன். பரவாயில்லை, விஷயம் புரிந்தது. ‘மாமா, இதையெல்லாம் வித்தா என்ன தேறும்?’ என்று ஒற்றை வரியில் கேட்டுவிட்டாய். வாட்ஸப்பில் பதில் அடிக்க உட்கார்ந்தேன், நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியை இந்த வருடம் இன்னும் இரண்டு பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். அவர்கள் வீட்டிலும் அப்பா இல்லை, பெட்டி இருக்கிறது. அதனால்தான் உன்னிடம் சொல்லிவிட்டு, நாலு பேர் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த சூப்பர்மேன் சமாச்சாரத்தை முடித்துவிடுவோம். 1939-ல் வந்த சூப்பர்மேன் காமிக்ஸின் முதல் இதழ், சான் பிரான்சிஸ்கோவில் இறந்துபோன அம்மாவின் வீட்டுப் பரணில், பழைய செய்தித்தாள் கட்டுக்கு அடியில் இருந்து, அவருடைய மூன்று மகன்களுக்குக் கிடைத்தது. 2025 நவம்பரில் 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. அதைப் படித்துவிட்டுத்தான் ‘பெட்டியை யாரும் தொட வேண்டாம்’ என்று அக்காவுக்கு போன் போட்டிருக்கிறாய். அக்கா என்னிடம் சொல்லிச் சிரித்தாள். இந்த ஆறு மாதத்தில் அவள் சிரித்துக் கேட்டது அன்றுதான், அந்த வகையில் உனக்கு நன்றி.

ஆனால் மாப்ளே, அந்தக் கணக்கு வேறு. அமெரிக்காவில் அந்தக் கால காமிக்ஸ் லட்சக்கணக்கில் அச்சானவை. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வீடு வீடாகப் பழைய காகிதம் சேகரித்தார்கள், அதில் நிறையப் போய்விட்டது. மிஞ்சியது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் இந்தப் பிரதி பத்துக்கு ஒன்பது மதிப்பெண் வாங்கியது. அங்கே இதற்கென்றே 2000-லிருந்து ஒரு நிறுவனம் இருக்கிறது. தாள் தாளாகப் பார்த்து, மதிப்பெண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் மூடிக் கொடுத்துவிடும். அந்த ஊர்க் குளிர்தான் புத்தகத்தைக் காப்பாற்றியது என்று ஏலம் விட்டவர்கள் சொன்னார்கள். நம் பெட்டி இருந்தது விருதுநகரில், ஓட்டுக்கு அடியில், தகரத்துக்குள். சித்திரையில் அந்தப் பரணில் அப்பளம் பொரிக்கலாம்.

இன்னொன்று, வாங்குகிற ஆள். எனக்குத் தெரிந்த தீவிரமான தமிழ் காமிக்ஸ் சேகரிப்பாளர்கள் அத்தனை பேரையும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்தால் இரண்டாம் பந்தி தேவைப்படாது. மதிப்பெண் போடுகிற நிறுவனமும் கிடையாது. வாங்குகிறவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புத்தகத்தை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். அதுதான் தரச் சான்றிதழ்.

சரி, பெட்டிக்குள் வருவோம்.

ராணி காமிக்ஸ்தான் எண்ணிக்கையில் அதிகம். 1984-ல் ஆரம்பித்து இருபது வருடம் பெட்டிக்கடைகளில் தொங்கியது. தினத்தந்தி குழுமத்தின் பத்திரிகை, அதனால் ஒரு பஸ் மட்டுமே போகிற ஊருக்கும் போய்ச் சேர்ந்தது. அதனாலேயே இன்றைக்கும் நிறையக் கிடைக்கிறது. ஆரம்ப கால ஜேம்ஸ்பாண்ட் இதழ்களை மட்டும் தனியே எடுத்து வை, மற்றதைக் கட்டாகக் கொடுத்துவிடலாம். அமர் சித்திரக் கதைகள் மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பு கண்டவை. விற்க மெனக்கெடாதே, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடு. டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் 1964-லிருந்து 1990 வரை வெளியிட்ட இந்திரஜால் காமிக்ஸில் எட்டுத் தமிழ் இதழ்கள் தெரிகின்றன. அதில் முகமூடி வீரன் வேதாளனாக வரும் ஃபேண்டமின் ரசிகர்கள் விடாப்பிடியானவர்கள். அந்த எட்டையும் தனி உறையில் போடு.

உன் அப்பாவின் உயிர் இருந்தது முத்துவிலும் லயனிலும்தான். முத்து காமிக்ஸ் 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு ஆரம்பித்தது. பிரிட்டனில் 1962-ல் வேலியன்ட் வாரப் பத்திரிகையில் வந்த தொடர் அது. ஹெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிஷ் ஓவியர் வரைந்தது. சிவகாசியில் தமிழாகி, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் விருதுநகருக்கு வந்துவிடும். அப்படியும் கடைக்காரர் கட்டைப் பிரிக்கும்வரை அத்தான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருப்பார். மாயாவிக்கு மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும், இல்லையா? ஆறாம் வகுப்பில் அத்தான் தாத்தா வீட்டு பிளக்கில் கம்பியை விட்டுப் பார்த்தார். உடம்பு மறையவில்லை. பியூஸ் போனது. தாத்தாவின் கை மட்டும் நன்றாகத் தெரிந்தது.

லயன் காமிக்ஸ் 1984 ஜூலையில், மாடஸ்டி என்ற சாகச நாயகியின் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடு வந்தது. உன் படங்களில் லயன் இரண்டாம் எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது. அதைப் பற்றி அப்புறம். 1985-ல் இத்தாலிய கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் முதன்முதலாகத் தமிழுக்கு வந்த ‘தலைவாங்கிக் குரங்கு’ உன்னிடம் இருக்கிறது, பதினேழாவது படத்தில் பார்த்தேன், அட்டையோடு. படம் எடுக்கும்போது அதன்மேல் டீ டம்ளரை வைத்திருக்கிறாய். தயவுசெய்து எடுத்துவிடு.

இனி ஒரு கசப்பான செய்தி. கீழே தடித்தடியாக ஒன்பது வால்யூம்கள் இருக்கின்றனவே, ரெக்ஸின் முதுகோடு, தங்க எழுத்தில் அத்தான் பெயர் போட்டு, அதைத்தான் நீ முதலில் படம் எடுத்திருக்கிறாய். பார்க்க கம்பீரமாகத்தான் இருக்கும். கல்யாணமான வருடம் வந்த போனஸில் அத்தான் ஆசை ஆசையாய் பைண்ட் செய்யக் கொடுத்தது. பைண்டிங் கடையில் மூன்று பக்கமும் கத்தியை ஓட்டி, ஓரமெல்லாம் சீவி, ‘அழுக்காக இருக்கிறது’ என்று மேலட்டைகளையும் பிய்த்துவிட்டார்கள். பத்திரப்படுத்தத்தான் செய்தார், பாவம். ஆனால் சேகரிப்பவருக்கு அட்டை போனால் பாதி புத்தகம் போனது. ஓரம் வெட்டுப்பட்டால் மீதியிலும் பாதி. அந்த ஒன்பதையும் படிக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுக்கலாம், அந்த அளவுக்கு மட்டும் விலை சொல். பிரித்துத் தனித்தனியாக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே. முதுகில் வடித்த பசை, பிரித்தால் தாளோடு வரும்.

பைண்ட் ஆகாமல் தப்பித்தவை, என் கணக்குப்படி, எழுபது சொச்சம். பணம் இருப்பது அதில்தான். அதிலும் இருபது புத்தகங்கள்தான் பெட்டியின் மொத்த விலையையும் தூக்கிச் சுமக்கும்.

உடனே உட்கார்ந்து சரிசெய்ய ஆரம்பித்துவிடாதே. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதே. ஏற்கெனவே ஒட்டியது பழுப்பேறி, தாளைக் கண்ணாடி மாதிரி ஆக்கியிருப்பதை நீயே பார்க்கலாம். வெயிலில் காயப் போடாதே. அது மரக்கூழ்த் தாள், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் உள்ளேயே இருக்கிறது, வெளிச்சம் பட்டால் இன்னும் மஞ்சளாகி நொறுங்கும். துரு ஏறிய ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்கிப் புதுப் பின் அடிக்காதே. வெள்ளிப்பூச்சி ஊர்ந்தால் மட்டும் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடு. பிறகு எல்லாவற்றையும் தனித்தனி பிளாஸ்டிக் உறையில், பின்னால் ஒரு அட்டை வைத்து நிறுத்து.

அப்புறம் பட்டியல். இதழ் எண், தலைப்பு, பக்கம் எல்லாம் இருக்கிறதா, அட்டை இருக்கிறதா, பேனாக் கிறுக்கல், லெண்டிங் லைப்ரரி முத்திரை, பூச்சி ஓட்டை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் நாலு படம்: முன் அட்டை, பின் அட்டை, நடுப்பக்கத்து ஸ்டேப்ளர் பின், கடைசிப் பக்கம். எண்ணுவதற்குச் சோம்பல்பட்டு ‘முழுசாக இருக்கிறது’ என்று சொல்லிவிடாதே. நடுவில் நாலு பக்கம் கழன்று போவது இந்தப் புத்தகங்களுக்கு வழக்கம். குறையை நீயே முதலில் சொல்லிவிட்டால் விலை கொஞ்சம் இறங்கும். வாங்குகிறவர் கண்டுபிடித்தால் ஆளே இறங்கிப் போய்விடுவார், போகிறபோது மண்டபத்தில் இருக்கிற மற்றவர்களிடமும் சொல்லிவிட்டுப் போவார்.

நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. 2019-ல் பழைய முத்து இதழ் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். வந்து சேர்ந்த அன்று இரவு எடுத்துப் பார்த்தால், உள்தாளில் பின்னைச் சுற்றித் துருக்கறை இருக்கிறது, அட்டையின் உட்புறத்தில் இல்லை. நாற்பது வருடம் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தாளில் ஒன்றுக்கு மட்டும் எப்படிக் கறை பிடிக்கும்? அட்டை கலர் ஜெராக்ஸ். விற்றவர் போனை எடுக்கவில்லை. அன்றிலிருந்து நான் முன் அட்டையைப் பார்ப்பதற்கு முன்னால் பின்னைப் பார்க்கிறேன். உன் புத்தகங்களில் அந்தத் துருக்கறை அட்டைவரை இருக்கிறது. அதைக் குறை என்று நினைத்து மறைக்காதே, நடுப்பக்கத்தோடு சேர்த்து அதையும் படம் எடுத்துப் போடு.

போன வாரம் ஒருவர் வீட்டுக்கே வந்து பெட்டியோடு முப்பதாயிரம் தருகிறேன் என்றாராமே. பத்து நிமிடம்தான் பார்த்தார் என்று அக்கா சொன்னாள். நீ ஊரிலிருந்து வருவதற்குள் முடித்துவிடப் பார்த்திருக்கிறார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், வியாபாரம் அப்படித்தான். பழைய பேப்பர்க் கடையில் எடைக்குப் போடுவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அக்காவிடம் ஒன்று கேள்: அவர் கை எந்தப் புத்தகத்துக்கு இரண்டாவது தடவை போனது? அவருடைய முப்பதாயிரம் அந்தப் புத்தகங்களுக்கு, மற்றது அவருக்கு இலவசம்.

நல்லவற்றைத் தனித்தனியாக விற்பது இழுபறியான வேலை. ஐந்து மாதம் பிடிக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு ‘சார், 23-ம் பக்கம் ஒரு போட்டோ’ என்று கேட்பார்கள். ஒரு புத்தகத்துக்காகத் தூத்துக்குடியிலிருந்து வண்டி கட்டி வருவார்கள், வந்து, பார்த்து, கையில் வைத்திருந்துவிட்டு, வாங்காமல் போவார்கள். அதற்கெல்லாம் உனக்குப் பொறுமை இல்லை என்றால் இருபதை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியை மொத்தமாகத் தள்ளிவிடு. பணம் கணக்கில் ஏறிய பிறகு பார்சல், ஸ்பீட் போஸ்ட், இரண்டு பக்கமும் அட்டை. உள்ளே வைப்பதற்கு முன் ஒரு வீடியோ. அவ்வளவுதான்.

வைத்திருந்தால் விலை ஏறும் என்று யாராவது சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் முத்துவும் லயனும் புது மிடுக்கோடு திரும்பி வந்த பிறகு, பழைய கதைகள் பலவும் நல்ல தாளில் மறுபதிப்பாகிவிட்டன. மாயாவியைப் படிக்க வேண்டும் என்கிறவனுக்கு இனி உன் பெட்டி தேவையில்லை. தேவைப்படுவது, பத்து வயதில் பார்த்த அதே அட்டை, அதே மஞ்சள், அதே வாசனை வேண்டும் என்கிறவனுக்கு. 1972-ல் பத்து வயது என்றால் இப்போது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. பி.எஃப். பணம் கைக்கு வந்து, பிள்ளைகள் செட்டில் ஆகி, ‘இந்த வயதில் இது எதற்கு’ என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே வாங்குகிற காலம் இது. இன்னும் பதினைந்து வருடத்தில் அவர்கள் பரணிலிருந்தும் பெட்டிகள் இறங்கும். அன்றைக்கு எல்லோரும் விற்பார்கள், வாங்க ஆள் எங்கே? நீயே இதில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. விற்கிறதென்றால் இப்போதே விற்றுவிடு.

அக்காவுக்கு மனசு வராதோ என்று யோசிக்காதே. கேட்டேன். ‘முப்பது வருசம் தூசி தட்டினது நான்தானே’ என்றாள்.

ஒன்றை மட்டும் விற்காதே. அந்தக் கோடு போட்ட நோட்டு, கடைசிப் படத்தில் ஓரமாகத் தெரிகிறதே, அது. இதழ் எண், வாங்கிய தேதி, கடை எல்லாம் அத்தான் சின்னச் சின்ன எழுத்தில் எழுதியிருப்பார். வாங்குகிறவர் கேட்டால் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடு. நோட்டு உன்னிடம் இருக்கட்டும்.

அதைப் பின்பக்கத்திலிருந்து திருப்பினால் ‘இரவல்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். யார், எந்தப் புத்தகம், என்றைக்கு. திரும்பி வந்தால் குறுக்கே ஒரு கோடு. எல்லாப் பெயரிலும் கோடு இருக்கும், ஒன்றைத் தவிர. லயன் 1, மணி, 1986. அத்தை மகன் என்பதால் கல்யாணத்துக்கு முன்னாலும் எனக்கு அவர் அத்தான்தான், அந்த உரிமையில் எடுத்துக்கொண்டு போனேன். பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும், ‘என்ன மணி, மாடஸ்டி சௌக்கியமா?’ என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்பார். தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன். தேடவே இல்லை, என் அலமாரியில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன். பட்டியலில் சேர்த்துக்கொள். பின் அட்டை கிடையாது. நான் வாங்கும்போதே இல்லையா, என்னிடம் வந்துதான் போனதா என்று ஞாபகமில்லை. இரவல் எழுதும்போது அத்தான் நோட்டில் குறித்திருப்பார், பார்த்துச் சொல்.

அன்புடன்,
மணி மாமா