கண்மாய் மண்ணுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு, புரவி (மண் குதிரை) செய்யும் வேளார்கள் எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். இந்த வருஷமும் எங்கள் மனு திரும்பி வந்துவிட்டது. நிலத்துக்கான சிட்டா, அடங்கல் இணைக்கவில்லையாம். வயலுக்கு வண்டல் அடிக்கிற விவசாயியிடம் கேட்க வேண்டியதை, சாமிக்கு மண் குதிரை செய்கிற குயவரான வேளாரிடம் கேட்டிருக்கிறீர்கள். சிறுகனிம விதி 12(2)-இல் மண்பாண்டத் தொழிலுக்குத் தனியாகவே இடம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, 60 கன மீட்டர் வரை எடுக்கலாம். நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில் 21 வரும். ஒரு ஊர்ப் புரவிக்கு நாங்கள் கேட்பது டிராக்டரில் இரண்டு நடை.

நேர்ந்த மண் குதிரைகளை ஊர் கூடி அய்யனார் கோயிலுக்கு எடுத்துப்போகிற புரவி எடுப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீடுகளிலும் அய்யனாருக்கு நேர்ந்து காசு முடிந்து வைத்திருப்பார்கள். சொல்ல வேண்டியது நாள் கணக்குதான். புரவி செய்யச் சொல்லி ஊர் கொடுக்கிற பிடிமண் எங்கள் கைக்கு மாறிவிட்டால் எடுப்புக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம். மண்ணைக் காயவைத்து உடைத்து, கல் பொறுக்கி, ஊறப்போட்டு, மணலும் உமியும் சேர்த்து மிதிக்கவே ஒரு வாரம் ஓடிவிடும். முதலில் நாலு காலும் குழாயாக எழும்பும். அது இறுகின பிறகுதான் வயிறு, வயிறு இறுகின பிறகு கழுத்தும் தலையும். ஈரக் காலில் வயிற்றை ஏற்றினால் கால் பிதுங்கும். ரொம்பக் காய்ந்த காலில் ஏற்றினாலோ ஒட்டுப்போட்ட இடத்தில் வெடிப்பு விழும். அப்புறம் நிழலில் உலர வேண்டும். மேலே தட்டிப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அதோடு சூளையில் வைத்தால் ஆவி வெளியேற வழியில்லாமல் சிதறிவிடும்.

அனுமதி இருபது நாள் இழுத்தால், அந்த இருபது நாளும் உலர்த்துவதிலிருந்துதான் கழியும். பிள்ளை பிறந்தால் மதலை (மண்ணில் செய்த குழந்தை உருவம்) வைக்கிறேன் என்று நேர்ந்தவரிடம் போய், சூளையில் மதலையின் தலை வெடித்துவிட்டது என்று நாங்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கோப்பில் அது சேதாரம். ஊரில் எல்லோரும் திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்ப்பார்கள். தாமதித்த கையெழுத்தை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பக்கத்தில் எங்காவது மண் வாங்கிக்கொள்ளலாமே என்று ஒரு யோசனை வந்தது. தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடலை ஒட்டின மண்ணில் உப்பு. காயும்போது வெள்ளையாகப் பூக்கும், மேலே அடித்த சுண்ணாம்பும் வர்ணமும் அதோடு உரிந்து வரும். கடற்கரை மணலைக் கலந்தால் அதிலே சிப்பித் துணுக்கு. சூளைச் சூட்டில் சிப்பி சுண்ணாம்பாகி, பிறகு காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி, மேல் தோலைச் சில்லுச் சில்லாகத் தள்ளிவிடும். எடுப்பன்று பளபளத்த குதிரை முகம், கொஞ்ச நாளில் அம்மைத் தழும்பு விழுந்தது போல ஆகிவிடும்.

இன்னொருவர், சிமெண்டில் ஒரே தடவையாகச் செய்து வைத்துவிடுங்கள் என்றார். உப்புக் காற்றில் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துப் பருத்து, சிமெண்டைப் பிளக்கும். அது கிடக்கட்டும். நேர்ந்தது மண் குதிரை. சாமியிடம் சொன்ன பொருளை மாற்ற எங்களுக்கு அதிகாரம் இல்லை. உங்களுக்கு இருந்தால் அந்த அரசாணை எண்ணைத் தெரிவியுங்கள்.

ஏர்வாடி தர்காவுக்கோ ஓரியூர் தேவாலயத்துக்கோ நேர்ந்தவர் பஸ் ஏறிப் போய் முடித்துவிட்டு வரலாம். அய்யனாருக்கு நேர்ந்தவர்தான் அலுவலக வாசலில் நிற்க வேண்டும். ராத்திரியில் பள்ளம் நிரப்புகிற சவடு மண் ஏற்றிப் போகிற லாரிகளிடம் சிட்டா கேட்டவர் யார் என்று தெரியவில்லை. சரி, அது வேறு மனு. கோபத்தில் வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட்பது இதுதான். மண்பாண்டத் தொழில் மனுவை அந்த வகையிலேயே எடுத்து, சிட்டா கேட்காமல், சித்திரை பிறக்கும் முன் இரண்டு நடைக்கு உத்தரவு கொடுங்கள். அரசிதழில் பெயர் வந்த கண்மாயில்தான் எடுக்கலாம் என்பதால், பட்டியல் போடும்போது எந்தக் கண்மாயில் களி இருக்கிறது, எதில் வெறும் சவடு என்று எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் நின்றுவிட்டால் அடுத்த கோடை வரை மண்ணும் கிடையாது, நேர்த்திக்கடனும் தீராது.

அளவில் சந்தேகம் இருந்தால் கிராம உதவியாளரைக் கரையில் நிறுத்துங்கள். இரண்டாவது நடை ஏறினதும் மண்வெட்டியைக் கழுவிவிடுகிறோம்.

இப்படிக்கு,
கடலோர ஊர்களுக்குப் புரவி செய்யும் வேளார்கள்