செவ்வாய்க்கிழமை வயிற்றுவலி

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நம் மாணவி ஒருத்திக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் வயிற்றுவலி வரும். (யாரென்று தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கிழமையை மாற்றித்தான் எழுதுகிறேன்.) செவ்வாய்க்கிழமை முதல் பாடவேளையிலேயே மேசையில் தலை கவிழ்ந்துவிடுவாள். மருத்துவமனையில் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. நடிக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு நாள் மதியம் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தேன். செவ்வாய் காலையில் குழுக் கடன் தவணைக்கு ஆள் வருவாராம். பணம் புரளாத வாரங்களில் இவள்தான் வாசலுக்குப் போய், "அம்மா வீட்ல இல்லைங்க" என்று சொல்ல வேண்டும். அம்மா கதவுக்குப் பின்னால் நிற்பார். "அவரு என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவாரோன்னு இருக்கும் டீச்சர்" என்றாள்.

அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. வாரத் தவணையின் பாரம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த இரண்டு நிமிடம் பிள்ளையின் உடம்பில் தங்கிவிடுகிறது.

வெள்ளம், விபத்து, சாவு போன்ற பெரிய அடிகள்தான் மனதைக் காயப்படுத்தும் என்று நினைக்கிறோம். 1981-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளரும் அவரோடு பணிபுரிந்தவர்களும் அமெரிக்காவில் 100 நடுவயதினரை மாதக்கணக்கில் கவனித்தார்கள். அவர்களின் மனநலக் குறைகளோடு, வாழ்வின் பெரிய நிகழ்வுகளைவிட அன்றாடச் சின்னத் தொல்லைகளே நெருக்கமாகப் பொருந்தின. அவர்கள் பெரியவர்கள், பிள்ளைகளுக்குத் தாங்கும் வலு இன்னும் குறைவு. பயம் வரும்போது கார்ட்டிசால் என்னும் சுரப்பு உடலில் ஏறும், பயம் தீர்ந்ததும் இறங்கும். தினமும் பயந்தால் அது சரியாக இறங்க வழியில்லை. தூக்கம் கெடும், படித்தது மனதில் நிற்காது, வயிறு வலிக்கும்.

பள்ளியும் இதில் தப்பவில்லை. நோட்டு வாங்காதவர்களை எழுப்பி நிற்க வைக்கும் வழக்கம் இங்கும் இருந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனதைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. அதை நாங்கள் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். இனி எந்த வகுப்பிலும் அது நடக்காது. நடந்தால் என்னிடம் சொல்லுங்கள்.

வீட்டுக் கஷ்டம் பிள்ளை காதில் விழக் கூடாது என்று சொல்லிவிடலாம். ஒற்றை அறை வீட்டில் எங்கே போய்ப் பேசுவீர்கள்? அதனால் அதைக் கேட்கவில்லை. கடன்காரருக்குப் பதில் சொல்லப் பிள்ளையை அனுப்பாதீர்கள். சண்டை நடந்த இரவு, படுக்கும் முன், "இது எங்க பாடு, நாங்க பாத்துக்கிறோம், உன்மேல தப்பு இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மதிப்பெண் அட்டையைப் பிரிக்கும்போது சித்தி மகளின் பெயரை எடுக்காதீர்கள்.

ஓடியாடிய பிள்ளை திடீரென்று ஒடுங்கினாலோ, பெரிய பிள்ளை படுக்கையை நனைத்தாலோ, காரணமில்லாமல் தலைவலி, வயிற்றுவலி என்றாலோ திட்டாமல் எங்களிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். உங்கள் மனம் கனத்தாலும் அதே எண்தான்.

அந்தத் தாய் இப்போது தானே வாசலுக்கு வருகிறார். மகளின் வயிற்றுவலி முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது.

மாலை 4.30-க்குப் பிறகு என் அறையில் இருப்பேன். வேலையை விட்டு வர முடியாதவர்கள் சனிக்கிழமை காலையில் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை