வெண்ணெயும் 212-உம்

அன்புள்ள செல்வம்,

இங்கே எல்லோரும் நலம். உன் மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை மணி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அதற்கான சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். அவன் இன்னொன்றும் சொன்னான். என்னைப் பார்த்து நீயும் பேலியோ என்கிற ஆதிமனித உணவுக்கு மாறிவிட்டாயாம். தானியத்தையும் சர்க்கரையையும் தலைமுழுகிவிட்டு, இறைச்சி, முட்டை, வெண்ணெய் என்று இறங்கிவிட்டாயாம். அதைக் கேட்டதிலிருந்து உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது. முதலில் மகிழ்ச்சியானதைச் சொல்லிவிடுகிறேன். டிரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் சுற்றும் ஒரு வகைக் கொழுப்பு, 210 இருந்தது, இப்போது 70. நல்ல கொழுப்பு என்கிறார்களே, அந்த எச்டிஎல் 38-லிருந்து 61-க்கு ஏறியிருக்கிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் இந்த இரண்டும் இப்படித்தான் நகரும் என்று மருத்துவரும் ஒப்புக்கொண்டார். இடுப்பும் குறைந்திருக்கிறது. இனி மற்றது: கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 135-லிருந்து 212-க்குப் போய்விட்டது.

என் மைத்துனரை உனக்குத் தெரியுமே. அறிக்கையைப் பார்த்ததும் கைகொடுத்து வாழ்த்தினார்! மொத்தக் கொலஸ்ட்ராலை எச்டிஎல்லால் வகுத்துப் பார் என்றார். பழைய அறிக்கையில் 215-ஐ 38-ஆல் வகுத்தால் 5.7, புதியதில் 287-ஐ 61-ஆல் வகுத்தால் 4.7. "விகிதம் குறைந்துவிட்டது, நீ முன்பைவிட ஆரோக்கியமாக இருக்கிறாய்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்ற மதிப்பெண்ணைத் தமிழ் மதிப்பெண்ணோடு கூட்டிச் சராசரி போட்டு உன் அப்பாவிடம் காட்டினாயே, அதே வித்தைதான். வகுப்பதற்குப் பதிலாகக் கழித்துப் பார். 215-இல் 38 போனால் 177. 287-இல் 61 போனால் 226. தமனிச் சுவரில் படியக்கூடிய கொழுப்பெல்லாம் இந்த மீதிக்குள்தான் இருக்கிறது, அது ஏறியிருக்கிறது. வகுத்தால் நல்ல செய்தி, கழித்தால் கெட்ட செய்தி. ஆனால் விகிதம் இறங்கியதற்குக் காரணம் கீழே இருக்கும் எண் பெருத்ததுதான். மேலே இருப்பது குறையவே இல்லை.

அவர் அதோடு விடுவாரா? எல்டிஎல் என்பது அளந்த எண்ணே இல்லை, கணக்குப் போட்ட எண் என்றார். அது உண்மைதான். பல ஆய்வகங்கள் இன்றும் 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரத்தைத்தான் பயன்படுத்துகின்றன: மொத்தத்திலிருந்து எச்டிஎல்லைக் கழி, டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கைக் கழி, மீதிதான் எல்டிஎல். 287, 61, 14; நீயே கழித்துப் பார், 212 வரும். டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தச் சூத்திரம் உதவாது. மிகவும் குறைந்தாலும் கொஞ்சம் தடுமாறும். சரி என்று எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொன்னேன். 206 வந்தது. சூத்திரத்தின் தலையில் பழி போடும் வாய்ப்பும் போயிற்று.

அடுத்து, எல்டிஎல் ரத்தத்தில் துகள்களாகச் சுற்றுகிறது, உன்னுடையது பெரிய பஞ்சு போன்ற துகள், அது ஒன்றும் செய்யாது என்றார். பெரிய துகளும் தமனிச் சுவருக்குள் நுழையத்தான் செய்கிறது, செல்வம். மருத்துவர் இன்னொரு சோதனை எழுதிக் கொடுத்திருக்கிறார், அப்போ-பி என்று பெயர். ஒவ்வொரு எல்டிஎல் துகளிலும் இந்தப் புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்குமாம். ஆகவே அதை அளந்தால் எத்தனை துகள்கள் சுற்றுகின்றன என்று தெரிந்துவிடும். துகள் பெரிதா சிறிதா என்ற விவாதமே தேவையில்லை. கடைசி அஸ்திரமாக, மெலிந்த உடலும் நல்ல தசையும் உள்ள சிலருக்கு இந்த உணவில் எல்டிஎல் எகிறுவது இயல்பு, நீ அந்த வகை என்றார். அந்த வகைக்கு வரையறை வைத்திருக்கிறார்கள்: எல்டிஎல் 200-க்கு மேல், எச்டிஎல் 80-க்கு மேல், டிரைகிளிசரைடு 70-க்குக் கீழ். என் எச்டிஎல் 61. மெலிந்த உடலைப் பற்றி நான் எழுத வேண்டாம், நீ சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

மருத்துவர் என்னைப் பயமுறுத்தவில்லை, கேள்விதான் கேட்டார். தைராய்டு பார்த்தாயா? அது மந்தமானாலும் எல்டிஎல் ஏறும். பார்த்தேன், சரியாக இருக்கிறது. எடை இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா? வேகமாக இறங்கும்போது தற்காலிகமாகக் கொழுப்பு ஏறுவதுண்டு. இல்லை, எடை நிலைத்துவிட்டது. பிறகு, "உங்கள் அப்பா?" என்றார்.

உனக்குத்தான் தெரியுமே. 52 வயது. மறுநாள் காலை என்னோடு சேர்ந்து தோள் கொடுத்தவன் நீ. தந்தைக்கோ அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் அதைத் தனியாகக் கணக்கில் எடுப்பார்களாம். அவர் குறித்துக்கொண்டிருந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. 190-க்கு மேல் எல்டிஎல் என்றாலே பரம்பரைக் கோளாறு இருக்கிறதா என்று சந்தேகிப்பார்கள். என் பழைய அறிக்கையில் 135 இருந்ததால் அதற்கு வாய்ப்பு குறைவு என்றார். அதாவது ஏற்றியது சாப்பாடு. அந்தப் பழைய அறிக்கை என் கையில் இல்லாவிட்டால் இதை எப்படிப் பிரித்தறிந்திருப்போம் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வியர்க்கிறது.

சாப்பாட்டில் எது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் கல்லீரலில் இருக்கின்றன. பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவர் கண்டுபிடித்தது, 1985-இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். வெண்ணெயிலும் கொழுத்த இறைச்சியிலும் இருக்கும் நிறைகொழுப்பு அதிகமானால் அந்த ஏற்பிகள் குறைந்துவிடுகின்றன. வெளிநாட்டுப் பேலியோக்காரர்கள் பொதுவாகப் பால்பொருளைத் தொடுவதில்லை. நம் முறையில் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் தாராளம், நானும் தாராளமாகவே இருந்தேன். ஆதிமனிதன் மாடு வளர்த்து வெண்ணெய் கடைந்தானா என்று மைத்துனரிடம் கேட்டேன், பதில் இல்லை. பொலிவியாவில் சிமானே என்ற மக்கள் இன்றும் வேட்டையாடி, மீன்பிடித்து, சிறு விவசாயம் செய்து வாழ்கிறார்கள். அவர்களை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். இதயத் தமனியில் சுண்ணாம்புப் படிவு மிகக் குறைவு, எல்டிஎல் சராசரி 91. அவர்கள் உணவில் பெரும்பகுதி மாவுச்சத்து! இதைச் சொன்னதிலிருந்து மைத்துனர் என்னோடு பேசுவதில்லை, வீட்டில் அமைதி.

பழைய சாப்பாட்டுக்குத் திரும்பப் போவதில்லை. சர்க்கரையும் மாவும் வெளியேதான் இருக்கும், 210-ஐ மறுபடியும் பார்க்க எனக்கு ஆசையில்லை. வெண்ணெயும் கொழுப்பு மிகுந்த இறைச்சியும் போகின்றன. மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய், நிறையக் காய்கறி வருகின்றன. இரண்டு மாதம் கழித்து மறு சோதனை. அப்போதும் இறங்காவிட்டால் எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை. மாத்திரை என்றதும் நம் கூட்டத்தில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், எனக்கு அந்தச் சுளிப்பு இல்லை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த உணவு பலருக்கு எல்டிஎல்லை அசைப்பதில்லை, சிலருக்கு என்னைப்போல் ஏற்றிவிடுகிறது. நீ எந்தப் பக்கம் என்று உன்னைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இந்த வாரமே போய் ரத்தம் கொடு, பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிற்றோடு. லிப்போபுரோட்டீன்-ஏ என்று எல்டிஎல் போன்ற இன்னொரு துகள் உண்டு, அதையும் ஒருமுறை பார்த்துவிடு. அது பிறவியிலேயே தீர்மானமாவது, அடிக்கடி பார்க்கத் தேவையில்லை. மணியின் பேச்சைக் கேட்டு ஏமாறாதே. தனக்கு எல்டிஎல் வெறும் 3.4 என்று எல்லோரிடமும் பெருமையடிக்கிறான். அவன் இருக்கும் நாட்டில் மில்லிமோல் கணக்கு, 38.67-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கில் 131. இதை நீயே அவனிடம் சொல், எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்.

உன் பழைய அறிக்கை எங்காவது இருந்தால் அதையும் தேடியெடுத்து, புதியதோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பு. எண்களை அப்படியே அனுப்பு, வகுத்து அனுப்பாதே.

அன்புடன்,
ராமு